வெருகலாற்றில் மீன் படாத நாட்கள்: குறியைப் பார்த்துக் குறையைத் திருத்துதல்

மகாவலி கங்கை கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. ஒரு கிளை மூதூருக்கு மேற்கே கொட்டியாரக்குடாவில் விழுகிறது. மற்றது வெருகலாறு என்ற பெயரில் கிழக்கே வந்து, சித்திரவேலாயுதர் கோவிலடியைத் தொட்டுக்கொண்டு கடலில் கலக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லையாகிய இந்த ஆறு பெரிய ஆறன்று. கோடையில் பல இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தூண்டில் எறிந்துவிடலாம். ஆயினும் நன்னீர்ப் பகுதியில் விரால், கெளுத்தி, திலாப்பியா ஆகியவையும், உப்பு ஏறும் பகுதியில் கொடுவா, செத்தல், திரளி, பாரை ஆகியவையும் இருப்பதால், ஒரே நாளில் இரண்டு வகையான ஆற்றில் தூண்டில் போட்ட அனுபவம் இங்கே கிடைக்கிறது. குழப்பம் உண்டாவதற்கும் அதுவே காரணம். மேலே பலித்த முறை கீழே பலிப்பதில்லை.

மீன் படாவிட்டால் பெரும்பாலோர் முதலில் இரையை மாற்றுகிறார்கள், பிறகு முள்ளை மாற்றுகிறார்கள், கடைசியில் கடைக்குப் போய்ப் புதிய தடி வாங்குகிறார்கள். நானும் சில வருடங்கள் அப்படித்தான் செலவழித்தேன். என் அனுபவத்தில் இந்த வரிசை தலைகீழானது. முதலில் நாம் நிற்கும் இடத்தையும், அடுத்துத் தண்ணீரையும், அதன்பின் இரையையும், இறுதியாகவே முள், நூல், ரீல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மாட்டிய மீன் தப்பிப் போவது ஒன்றே இதற்கு விலக்கு; அங்கே குறை ஏறத்தாழ எப்போதும் நம் கையிலுள்ள கருவியில்தான் இருக்கும். ஒவ்வொரு குறியையும் இந்த வரிசையிலேயே கீழே ஆராய்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இந்த ஆற்றில் முதலை உண்டு. மாட்டிக்கொண்ட முள்ளை எடுப்பதற்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்குவது, கரையோரத்தில் குந்தியிருந்து மீன் கழுவுவது, கழுவிய குடலை அதே இடத்தில் எறிவது ஆகிய மூன்றையும் செய்யாதீர்கள். நீர் விளிம்பிலிருந்து சில அடி பின்னால் நின்று எறிவது மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. மாலை மங்கிய பின் ஆற்றங்கரைப் பற்றைகளில் யானை நிற்கக்கூடும் என்பதால், திரும்பும் வழியை வெளிச்சம் இருக்கும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மீன் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இரையைத் தொடுவதில்லை

முதலில், தெரிவது என்ன என்பதை உறுதிசெய்ய வேண்டும். குளிர்நாட்டுச் சிற்றாறுகளில் ட்ரவுட், கிரேலிங் ஆகிய மீன்களைப் பிடிப்போர், நீர் மேல் ஒரு வளையம் விரிந்தால் மகிழ்ந்து போகிறார்கள். அங்கே அந்த வளையம் பெரும்பாலும் மீன் ஒன்று மேலே வந்து பூச்சியைத் தின்றதன் அடையாளம். நம் ஆற்றில் வளையத்தை அப்படி நம்பக்கூடாது. விரால் வெளிக்காற்றை விழுங்காமல் உயிர்வாழ முடியாத மீன். அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருக்கிறது. பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இடைக்கிடை மேலே வந்து "பொளக்" என்று ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கும். எனவே அந்தச் சத்தம் மீன் இருக்கும் இடத்தைச் சொல்கிறதேயன்றி அது இரை தேடுவதைச் சொல்வதில்லை. உண்மையில் இரை தேடும் விரால் நாணலையும் தாமரை இலையையும் அசைத்துக்கொண்டு நகரும். அதற்கு முன்னால் சிறு மீன்கள் சிதறித் துள்ளும். மூச்சு விட்ட இடத்தின் மேலேயே தவளை லூரை (தவளை வடிவச் செயற்கை இரையை) போடுவது மீனின் தலையில் கல்லெறிவதற்கு ஒப்பாகும். அதற்கு இரண்டு மீற்றர் அப்பால் போட்டு, அந்த இடத்தைக் கடந்து வருமாறு மெதுவாக இழுங்கள்.

இரண்டாவதாக, மீன் உங்களைப் பார்க்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், கீழிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. அந்தச் சாளரத்தின் ஓரத்தில் இருப்பவை நசுங்கி மங்கலாகும். நீர்மட்டத்திலிருந்து 10 பாகை உயரத்துக்குள் அடங்கும் உருவத்தை மீன் பொருட்படுத்துவது அரிது என்று வைத்துக்கொண்டால், பத்து மீற்றர் தொலைவில் அந்த உயரம் ஏறத்தாழ 1.75 மீற்றர். அதாவது நீர்மட்டத்தில் நிற்கும் ஒரு சராசரி மனிதன் பத்து மீற்றருக்கு அப்பால் தப்பித்துக்கொள்வான். ஒரு மீற்றர் உயரமான கரையில் நின்றால் அதே மனிதன் பதினைந்து மீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டும், அல்லது குந்த வேண்டும். வெருகலாற்றின் கரைகள் பல இடங்களில் செங்குத்தாக வெட்டுண்டு உயர்ந்திருப்பதால், கரையில் நிமிர்ந்து நின்று எறிபவரை அந்தப் பக்கத்து மீன்கள் எல்லாம் பார்த்துவிடுகின்றன.

மூதூரில் இருந்த என் பெரியப்பா நான் வெள்ளைச் சட்டையுடன் வந்து நின்றதைப் பார்த்து, "தம்பி, முதல்ல உன்ட நிழல மடக்கு, பிறகு தூண்டில விரிக்கலாம்" என்றார். காலையில் சூரியனை முதுகுக்கு வைத்து நின்றால் நம் நிழல் நமக்கு முன்னே ஆற்றில் நீண்டு கிடக்கும். தடியை வீசும்போது அந்த நிழலும் வீசும். மருதமரத்தடியில் நின்றால் மரத்தின் நிழலோடு நம் நிழலும் கலந்துவிடும். காலடியும் அவ்வாறே. மீனின் பக்கவாட்டுக் கோடு நீரிலுள்ள அதிர்வை உணரும் உறுப்பு. காய்ந்த களிமண் கரையில் செருப்போடு தட்டித் தட்டி நடப்பது அதற்கு எட்டிவிடும். ஓர் இடத்துக்கு வந்ததும் உடனே எறியாமல் ஐந்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பட்ட மீன்கள், நான் மாற்றிய லூர்களால் பட்டவற்றைவிட அதிகம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பெரிய விரால் ஓரிடத்தை விட்டு அகலாமல், இரையை முட்டித் தள்ளுவது மட்டுமாக இருந்தால், அதன் அருகே செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிக்கின்றனவா என்று பாருங்கள். தாயும் தகப்பனும் குஞ்சுகளைக் காக்கும் காலம் அது. கோபத்தில் அது லூரைக் கடிக்கவும் செய்யும். ஆனால் அதைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரையாகும். இதற்குத் திருத்தம் எதுவும் இல்லை. வேறு இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

விடியற்காலையில் பட்டது, பத்து மணிக்குப் பின் ஒன்றுமில்லை

கச்சான் என்னும் சூடான மேல்காற்று வீசும் மாதங்களில் இது குறையே அன்று, வெப்பத்தின் இயல்பு. 10 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். ட்ரவுட் போன்ற குளிர்நீர் மீன் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகளில் மட்டும் பிழைத்ததும், தாழ்நிலத்துக்கு வர முடியாமல் போனதும் இந்தக் கணக்கினாலேயே. நம் மீன்கள் வெப்பத்துக்குப் பழகியவை என்றாலும், நண்பகலில் அவையும் நிழலுக்கும் ஆழத்துக்கும் நீரோட்டம் உள்ள இடத்துக்கும் நகர்ந்துவிடும். ஆகவே நேரத்தைக் குறை சொல்லாமல் இடத்தை மாற்றுங்கள். மருத வேர்களின் அடி, பாலத்தின் நிழல், வளைவின் வெளிப்புறத்து ஆழம், வாய்க்கால் வந்து விழும் இடத்து நுரை ஆகிய நான்கையும் பத்து மணிக்குப் பின் முயன்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறான குறி ஒன்றும் உண்டு. பாசியும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் அடைந்த தேங்கல்களில் விடியற்காலையில் திலாப்பியாவும் கெண்டையும் கடிப்பதில்லை. எட்டு மணிக்குப் பிறகே தொடங்குகின்றன. நீர்த்தாவரங்கள் இரவு முழுவதும் ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால், அத்தகைய தண்ணீரில் விடியும் நேரமே மிக மூச்சுமுட்டும் நேரம். வெளிக்காற்றை நம்பும் விராலுக்கு இந்தக் கவலை இல்லை என்பதால், அதே தேங்கலில் விடியும்போது விராலுக்கும் வெயில் ஏறிய பின் திலாப்பியாவுக்கும் எறிவது என் வழக்கம்.

நேற்றுப் பட்ட அதே இடத்தில் இன்று ஒன்றுமில்லை

நேற்றைய ஆறும் இன்றைய ஆறும் ஒன்றா என்பதே கேள்வி. வெருகலில் மழை பெய்யாவிட்டாலும், மலைநாட்டுப் பக்கம் பெய்த மழையோ, மேலே திறந்த மதகோ ஒரே இரவில் நீரைக் கலக்கிவிடும். நான் வந்தவுடன் ஒரு குச்சியை நீர் விளிம்பில் குத்திவிடுவேன். அரை மணி நேரத்தில் நீர் குச்சிக்கு மேலே ஏறியிருந்தால் மீன்கள் கரையோரப் புல்லுக்குள் வந்திருக்கும், ஆகவே காலடியிலேயே போடலாம். இறங்கியிருந்தால் அவை நடுப்பள்ளத்துக்குப் போயிருக்கும். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை குறைவு என்பதால் லூரை வைத்துவிட்டு, மண்புழுவையோ மணமுள்ள இறாலையோ அடியில் படுக்கவிடுவது நல்லது. கெளுத்திக்கு அதுவே திருநாள். வயல்களில் மருந்தடிக்கும் காலத்தில் வடிச்சல் வாய்க்கால் விழும் இடத்தையும், அங்கே பட்ட மீனைச் சமைப்பதையும் நான் தவிர்க்கிறேன்.

கீழ்ப்பகுதியில் குழப்பம் உப்பினால் வருகிறது. எங்கள் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆனாலும் அமாவாசை, பறுவ நாட்களை ஒட்டி, அந்தச் சிறு பெருக்கும் உப்புநீரை ஆற்றுக்குள் தள்ளும். உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆகவே மேலே நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, அதன் கீழே உப்புநீர் ஆப்பு வடிவில் ஆற்றுக்குள் ஏறி வரும். மேலே தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு "இது நன்னீர்" என்று முடிவு செய்பவர், இரண்டு மீற்றர் கீழே கொடுவா நிற்பதை அறியமாட்டார். இதைச் சோதிக்க நான் வைத்திருப்பது ஒரு சிறு மருந்துப் போத்தல். அதன் கழுத்தில் ஈயம் கட்டி, வாயில் தக்கையைச் செருகி, தக்கைக்குத் தனி நூல் ஒன்று கட்டியிருக்கிறேன். போத்தலை அடிவரை இறக்கி, தக்கை நூலைச் சட்டென்று சுண்டி இழுத்தால், இரண்டு குமிழி வரும். அடித்தண்ணீர் போத்தலில் ஏறும். மேலே எடுத்ததும் விரல் நுனியில் ஒரு துளி தொட்டுப் பார்த்தால் போதும். மேலே சப்பென்றும் அடியில் கரிப்பாகவும் இருந்தால் தூண்டிலின் மிதப்புத் தக்கையைக் கழற்றிவிட்டு இரையை அடிக்கு இறக்குங்கள். இரண்டும் கரித்தால் கடல்மீன்கள் மேலே ஏறிவிட்டன. இரண்டும் சப்பென்றிருந்தால் முகத்துவாரப் பக்கமாகக் கீழே நடக்க வேண்டும்.

மாரியில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில், இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஆறு முழுவதும் சேற்றுநீராகக் கடலுக்கு ஓடும். மரங்கள் அடித்துக்கொண்டு வரும். அப்போது ஆற்றைக் கடலுக்கே விட்டுவிட்டு, குளத்துக் கலிங்குகளின் கீழே விராலுக்குப் போகிறவர்கள் உண்டு. நான் வீட்டில் இருந்து ரீலுக்கு எண்ணெய் போடுகிறேன்.

தக்கை ஆடுகிறது, முள் வெறுமையாக வருகிறது

தக்கை துடிதுடித்து நடுங்கினால் கடிப்பது சிறு மீன். பக்கவாட்டில் நகர்ந்தால் செத்தலோ திலாப்பியாவோ இரையை உதட்டில் வைத்துக்கொண்டு நடக்கிறது. தக்கை படுத்துவிட்டால் கீழிருந்த மீன் இரையைத் தூக்கியிருக்கிறது. முதல் வகைக்குத் தடியைச் சுண்டி இழுக்கத் தேவையில்லை. மற்ற இரண்டிலும் முள் பெரிதாக இருப்பதே வழக்கமான குறை. செத்தலின் வாய் சிறியது. அதற்குக் கடலில் பயன்படுத்திய முள்ளையே போடுபவர்கள் நாள் முழுவதும் பாண் ஊட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய முள்ளும், முனை வெளியே தெரியும்படி குத்திய சிறு இரையும் போதும். பாண் கரைந்து போகிறது என்றால், அதனோடு கோதுமை மாவையும் சிறிது தேங்காய்ப் புண்ணாக்கையும் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள்.

விரால் பாய்கிறது, ஆனால் முள்ளில் மாட்டுவதில்லை

தவளை லூர் பயன்படுத்துவோரின் நித்திய முறைப்பாடு இது. இலைகளின் மேலே வெடித்ததுபோல் தண்ணீர் எழும். பதறிப்போய் இழுத்தால் லூர் நம் நெஞ்சை நோக்கிப் பறந்து வரும். குறை நம் பதற்றத்திலேயே இருக்கிறது. விரால் இலைகளின் கீழிருந்து, குறிபார்க்க முடியாமல், அசைவை மட்டும் நம்பிப் பாய்கிறது. முதல் பாய்ச்சலில் லூர் அதன் வாய்க்குள் முழுதாகப் போயிருக்காது. சத்தம் கேட்டதும் தடியைத் தாழ்த்தி, நூலின் தளர்ச்சியைச் சுற்றியெடுத்து, நூல் பாரமாக நகர்வதை உணர்ந்த பிறகே தடியை ஓங்கிச் சுண்டி இழுக்க வேண்டும். அந்த இடைவெளி ஒன்று அல்லது இரண்டு விநாடி. வாய்க்குள் "முருகா" என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு இழு என்று ஒருவருக்குச் சொன்னேன்; அவருக்கு அதன்பின் பாதிக்குமேல் மாட்டின.

நிதானம் இருந்தும் மாட்டவில்லையானால் லூரைக் கையில் எடுத்து இரண்டு விரலால் நசுக்குங்கள். உடல் மென்மையாக அமுங்கி இரண்டு முட்களும் வெளியே வர வேண்டும். வெயிலில் காய்ந்து விறைத்துப் போன இறப்பர் உடல் அமுங்காது; அதன் உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தாலும் அமுங்காது. முட்கள் உடலோடு அழுந்திப் படுத்திருந்தால், குறட்டால் மிகச் சிறிதளவு மேலும் வெளியுமாக விரித்துவிடுங்கள். முனையை நகத்தின் மேல் வைத்து இலேசாக இழுத்தால் அது வழுக்காமல் கீற வேண்டும். வழுக்கினால் அரத்தால் தீட்ட வேண்டும்.

அடுத்தது நூல். சாதாரணத் தங்கூசி (நைலோன்) நூல் இழுபடும் தன்மையுள்ளது. இருபது மீற்றருக்கு அப்பால், இலைகளின் மேல் கிடக்கும் நூலைக் கொண்டு விராலின் எலும்பு வாயில் முள்ளை ஏற்ற முயலும்போது, நம் பலத்தின் பெரும்பகுதி நூல் நீள்வதிலேயே போய்விடுகிறது. பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நூலுக்கு அந்த நீட்சி ஏறத்தாழ இல்லை. அது தாமரைத் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். இந்த ஒரு வேலைக்காக மட்டும் நான் பிரெய்ட் வாங்கச் சொல்வேன். ஒருமுறை தவறிய மீன் உடனே ஓடிவிடுவதில்லை. அதே இடத்தில் லூரை அப்படியே நிறுத்தி, பத்து எண்ணி, ஒரு சிறு அசைவு கொடுங்கள். இரண்டாம் பாய்ச்சல் பெரும்பாலும் முதலாவதைவிடக் குறி தவறாதது.

மாட்டிய மீன் பாதி வழியில் போய்விடுகிறது

இங்கே ஆற்றையும் வானத்தையும் பார்க்க வேண்டாம். அறுந்த நூலின் நுனியைப் பாருங்கள். உப்பாற்றுப் பாலத்தடியில் ஒரே மாலையில் மூன்று கொடுவாக்களை இழந்துவிட்டு, நூல் கெட்டது என்று சொல்லி, விலை கூடிய நூலை வாங்கிக்கொண்டு மறுநாளும் போய், நான்காவதையும் இழந்தேன். பக்கத்தில் வீச்சுவலையைக் கட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் நூலை வாங்கி, கடைசி ஒரு முழத்தைப் பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெதுவாக உருவினார். கண்ணால் பார்க்கவே இல்லை. "இது நூலில்லை தம்பி, செவுள்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து அறுந்த நுனியைப் பார்க்காமல் நான் புது முள் கட்டுவதில்லை.

நுனி சுருண்டு பன்றிவால்போல் வந்தால் நூல் அறவில்லை, முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. இது முற்றிலும் நம் பிழை. தங்கூசியில் முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்தபடியே இழுத்தால் உராய்வின் சூட்டில் நூல் அங்கேயே வலுவிழந்துவிடும். யூனி முடிச்சோ கிளிஞ்ச் முடிச்சோ எதுவானாலும் ஐந்து சுற்றுக்குக் குறையாமல் போட்டு, மெதுவாக இறுக்கி, வாலை ஒட்ட வெட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விடுங்கள். பிரெய்ட் வழுக்கும் நூலாதலால் அதற்கு இன்னும் சில சுற்றுகள் வேண்டும்.

நுனியும் அதற்கு மேலே ஒரு முழமும் வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தால் நூல் எதிலோ உரசியிருக்கிறது: மேலாற்றில் மருத வேர் அல்லது கருங்கல், கீழாற்றில் பாலத் தூணில் ஒட்டிய சிப்பி. தடிப்பான நூல் சிறிது உதவும். ஆனால் நிற்கும் இடத்தை மாற்றுவதே மெய்யான திருத்தம். தூணுக்கு நேரெதிரே நின்று மீனை மாட்டினால் அது தூணைச் சுற்றும். நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் சற்று விலகி நின்றால் தூணிலிருந்து வெளியே இழுக்கலாம். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடைசி ஒரு மீற்றரை நகத்தில் உருவிப் பார்த்து, சொரசொரத்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள். வெட்டிய துண்டை ஆற்றில் போடாமல் சட்டைப்பையில் போடுங்கள். பறவைக் காலில் சுற்றிய தங்கூசியை ஒருமுறை அவிழ்த்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நுனி கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் இரண்டு சந்தேக நபர்கள் இருக்கிறார்கள். கொடுவாவுக்குக் கூர்மையான பல் இல்லை. ஆனால் அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்திபோன்றது. அது தலையை உதறும்போது நூல் அதன் மேல் ஓடினால் அறுந்துவிடும். முள்ளுக்கு மேலே அரை மீற்றர் நீளத்துக்கு 0.60 மில்லிமீற்றர் தடிப்புள்ள லீடர் (முள்ளுக்கு முன் இணைக்கும் தடித்த நூல்) ஒன்று போட்டால் இந்தக் குறை ஏறத்தாழத் தீர்ந்துவிடும். என் நான்கு கொடுவாக்களும் போனது இந்த அரை மீற்றர் இல்லாததால்தான். மற்றது பேத்தை மீன். எந்தப் பாரமும் தெரியாமல், மீன் மாட்டியதே தெரியாமல், முள் மட்டும் காணாமல் போயிருந்தால் அதுவே. அதன் பல் நகவெட்டிபோல் வேலை செய்யும். பேத்தை கூட்டமாக இருக்கும் இடத்தில் முள்ளைக் கணக்குப் பார்க்காமல் இடம் மாறுங்கள். தவறிப் பட்டாலும் சமைக்காதீர்கள், அதன் நஞ்சு சமைப்பதால் போகாது.

நுனி மெலிந்து நீண்டு, இழுத்த இறப்பர்போல் இருந்தாலோ, முள் நிமிர்ந்து வந்தாலோ, ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடி) இறுக்கமாக இருந்திருக்கிறது. டிராக்கை நூலின் தாங்குதிறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும்: ஆறு கிலோ நூலானால் இரண்டு கிலோ. ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு நூலில் கட்டித் தடியைத் தூக்கிப் பார்த்தால் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும்; விக்கி விக்கிப் போனால் உள்ளேயுள்ள வட்டுகளில் உப்பு படிந்திருக்கிறது. உப்புநீரில் பயன்படுத்திய ரீலை அன்றிரவே டிராக்கை இறுக்கி, நன்னீரால் இலேசாகக் கழுவி, துடைத்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும்.

நூலும் முள்ளும் பழுதின்றி வந்து, மீன் மட்டும் இல்லையென்றால் நூல் ஒரு கணம் தளர்ந்திருக்கிறது. கொடுவா மேலே துள்ளித் தலையை உதறும்போதுதான் இது நடக்கும். நூல் நீரிலிருந்து மேலெழும் கோணத்தைப் பார்த்து, அது துள்ளப் போகிறது என்று தெரிந்ததும் தடியின் நுனியைத் தண்ணீருக்குப் பக்கவாட்டாகத் தாழ்த்தி, சுற்றுவதை நிறுத்தாமல் இருங்கள்.

நூல் கூடுகட்டுகிறது

எறியும்போது நூல் கொத்தாகப் புறப்பட்டால் ரீலில் நூல் அளவுக்கு அதிகமாக இருக்கிறது. விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். முறுக்கேறினால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் நூலை நீரோட்டத்தில் ஐம்பது மீற்றர் ஓடவிட்டுத் திரும்பச் சுற்றினால் முறுக்குத் தானே அவிழும். எறிந்தபின் ரீலில் நூலைப் பிடிக்கும் வளைகம்பியைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடும் பழக்கம் இந்தத் தொல்லையில் பாதியைக் குறைக்கும்.

விட்டுவிட்ட மீன் வயிறு தெரிய மிதக்கிறது

சிறியதென்று விடும் மீனைக் காய்ந்த மணலிலோ சூடேறிய கல்லிலோ போட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துவிடும்; நோய் அதன்வழி ஏறும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நூலை வாயோரத்தில் வெட்டுவதே மீனுக்குப் பிழைக்கும் வாய்ப்பைத் தரும். பின் அதன் முகம் நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி வலைக்குள் வைத்திருந்து, தானாக வாலை அடித்தபின் விடுங்கள். கொடுவாவில் சிறியவை பெரும்பாலும் ஆண். வளர்ந்தபின் பெண்ணாக மாறுபவை. ஆகவே பெரிய ஒன்றை விடுவது முட்டையிடும் மீனை விடுவதாகும். நான் நடுத்தர அளவு ஒன்றைச் சொதிக்கு எடுத்துக்கொண்டு மற்றவற்றை விடுகிறேன்.

கெளுத்தி குத்திவிட்டது

முதுகிலும் இரு பக்கச் செட்டையிலும் உள்ள முட்கள் அரம்போல் பல்லுடையவை, நஞ்சும் உள்ளவை. உள்ளங்கையைப் பக்கச் செட்டைகளின் பின்புறமாகக் கொண்டுபோய், முட்கள் விரல்களுக்கு முன்னே நிற்கும்படி பிடித்தால் குத்தாது. குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டிலுள்ள தண்ணீரில், ஏறத்தாழ 45 பாகையில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். அந்த நஞ்சின் வலி சூட்டில் தணியும். வலியால் மரத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால், மற்றக் கையை முதலில் விட்டுப் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் கேட்டுக்கொள்ளுங்கள். வெருகல் கரையில் சுடுநீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நான் தேநீருக்கென்று எடுத்துச் செல்லும் சுடுநீர்ப் போத்தலில் இப்போதெல்லாம் சீனியும் தேயிலையும் போடுவதில்லை. அவை தனிப் பொட்டலத்தில் வருகின்றன.